வீட்டு முகம்

நீதிராஜனுக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அவன் வேலை பார்த்த திரையரங்கின் இயக்க அறையில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சன்னலுக்குப் போனான், கதவுக்கு வந்தான், மறுபடி சன்னலுக்குப் போனான். கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அண்ணனின் கார் இன்னும் வந்திருக்கவில்லை.

"உக்காருங்க சார். நீங்க நடக்குறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்றாள் ஹசீனா. அவனோடு அதே அறையில் வேலை பார்ப்பவள். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற ரகம்.

மதுரைப் புறவழிச் சாலையில் இருந்த அந்த அரங்கில் ஒரு காட்சிக்கு ஒரே ஒரு குடும்பம்தான். படம் எல்லோருக்கும் ஒன்றேதான். பேய் புகுந்த ஒரு வீடு, அதில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பம், பயமும் சிரிப்பும் பாதிப் பாதி. ஆனால் திரையில் நடமாடுகிறவர்களுக்குப் பார்க்க வந்தவர்களின் முகமும் குரலும் இருக்கும். அதற்காக இரண்டு வாரம் முன்பே ஆளுக்கொரு காப்பைக் கையில் கட்டிவிடுவார்கள். எந்தச் சத்தத்துக்கு நாடி எகிறுகிறது, யார் பேச்சுக்கு உள்ளங்கை வேர்க்கிறது என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும். நாடி எகிறினால் அதன் விளக்கு சிவப்பு, அடங்கினால் பச்சை. சொந்தக் காசில் நாமே கையில் கட்டிக்கொள்ளும் ஒற்றன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்களுக்குப் பயம் ஏற ஏறத் திரையில் பேய் வளரும். பயம் இறங்கினால் பேயும் இறங்கும்.

அந்தப் பேயின் முகத்தில்தான் சிக்கல்.

"ஊர் முகமே போதும் சார்" என்றாள் ஹசீனா. "தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை வருவா. எல்லாரும் கத்துவாக, சிரிப்பாக, பாப்கார்னத் தின்னுட்டு வீட்டுக்குப் போயிருவாக."

"எங்க வீட்டுக்கு அது பத்தாது."

"வீட்டு முகம் வச்சு ஓட்டுனப்ப என்ன ஆச்சுன்னு மறந்துட்டீகளா? ஒரு பெரியவர் முகம் வந்துச்சுல்ல? பேரன் பேத்தியெல்லாம் சுத்தி உக்காந்திருக்கு. படம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சாக, அவரு மட்டும் எந்திரிக்கல. 'நீங்க போங்க, நான் பின்னால வாரேன்'னாரு. இன்னைக்கு வரைக்கும் வீட்டுக்குப் போகலையாம்."

அதற்குப் பிறகுதான் நிர்வாகம் வீட்டு முகத்தைப் பூட்டி வைத்தது. பூட்டைத் திறக்கும் அதிகாரம் மேற்பார்வையாளன் என்ற முறையில் நீதிராஜனிடம் இருந்தது.

"அவரு ஏதாவது தப்புப் பண்ணியிருப்பாரு. அதான் அவரு முகம் வந்திருக்கு."

"தப்பு, சரியெல்லாம் மிஷினுக்குத் தெரியாது சார். யாரால நெஞ்சு ரொம்ப அடிச்சுக்கிச்சோ அவுக முகம். அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும்."

அம்புட்டுத்தான் அவனுக்கும் வேண்டும். அவன் திறந்துவிட்டான்.

அப்பா இறந்த பிறகு அம்மா பூரணம் மூத்தவன் பாலகுருவின் வீட்டில் இருந்தாள். பாலகுருவுக்குக் கட்டைக் குரல். தண்ணீர் கேட்டால்கூடச் சண்டைக்கு இழுப்பது போல இருக்கும். அந்த வீட்டில் அம்மா நடுங்கிக்கொண்டு இருக்கிறாள் என்பது நீதிராஜனின் முடிவு. இரண்டு வருடமாக இதை அம்மாவிடமும் தங்கை லோசனியிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். இன்று திரையில் அண்ணனின் முகத்தோடு பேய் வந்து நிற்கும். நான்கு காப்புகளின் சாட்சியை யாரும் மறுக்க முடியாது. அம்மா அவனோடு வந்துவிடுவாள். "ரெண்டு நாளைக்குத் துணிமணி எடுத்து வச்சுக்கங்கம்மா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான்.

அவன் வீட்டில் இப்போது அவன் மட்டும்தான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் நாளாயிற்று. ஏன் போனாள் என்பதற்கு அவனிடம் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றுமே அவளைப் பற்றியவை. கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வான், சொல்லிவிட்டு, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்பான். அது அவன் வாயில் ஊறிப்போன சொல்.

கார் வந்தது. ஓடினான்.

பூரணம் மெதுவாக இறங்கினாள். கையில் பச்சைக் கட்டம் போட்ட பை. பையைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி வெற்றி கிடைத்தது போலிருந்தது. பின்னாலேயே ஆட்டோவில் லோசனி வந்து இறங்கினாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஆளுக்கொரு தூணைப் பிடித்து நின்றார்கள். லோசனி மகளின் காதுகுத்துக்குப் பாலகுரு வராமல் போனதிலிருந்து இந்த நிலைதான். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளைக்குக் காது குத்த வேண்டும். மூத்த மாமன் வரவில்லை. நீதிராஜன்தான் மடி கொடுத்தான். அந்த நிழற்படம் அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

இன்று இந்த இருவரையும் இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் அவன்தான். அண்ணனிடம் அம்மா ஆசைப்படுகிறாள் என்றான், தங்கையிடமும் அதையே சொன்னான். அம்மாவிடம் பிள்ளைகள் இருவரும் ஆசைப்படுகிறார்கள் என்றான்.

"அவ காப்பி குடிக்கிறாளான்னு கேளு" என்றான் பாலகுரு, தூணைப் பார்த்தபடி.

லோசனி நாலடி தள்ளித்தான் நின்றாள். நீதிராஜன் அந்த நாலடியை நடந்தான். "பெரியண்ணன் காப்பி வேணுமான்னு கேக்குது. இஷ்டமிருந்தாச் சொல்லுவியாம்."

"இல்ல, வேணாம்னு சொல்லு. காலையிலருந்து தலைவலி."

திரும்பி நாலடி நடந்தான். "உன் காப்பி ஒண்ணும் வேணாமாம்ணே."

பாலகுருவின் தாடை இறுகியது. நீதிராஜனுக்குத் தான் பொய் சொன்னதாகத் தோன்றவேயில்லை. வார்த்தைக்கு உள்ளே இருப்பதை எடுத்துச் சொல்கிறோம் என்பது அவன் எண்ணம். இந்தக் குடும்பம் இன்னும் அறுந்துபோகாமல் இருப்பதே தன்னால்தான் என்று அவன் மனமார நம்பினான். அப்பாவும் அம்மாவும் பல வருடம் நேராகப் பேசிக்கொள்ளாத வீடு அது. "உங்கப்பாகிட்டச் சொல்லு," "உங்கம்மாகிட்டச் சொல்லு" என்று இருவருக்கும் நடுவே ஓடித்தான் அவன் வளர்ந்தான்.

பூரணம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.  பையை மட்டும் கை மாற்றிக்கொண்டாள்.

அரங்கில் விளக்கு அணைந்தது. நடுவில் அம்மா, ஒரு பக்கம் பாலகுரு, மறுபக்கம் லோசனி. நீதிராஜன் பின்வரிசையில் உட்கார்ந்தான். அங்கிருந்தால்தான் மூன்று பேரையும் பார்க்கலாம். நகத்தைக் கடித்தான், எழுந்தான், உட்கார்ந்தான். கையில் காப்பு துடித்துக்கொண்டிருந்தது. விளக்கு சிவப்பாகவே மின்னியது.

திரையில் ஒரு பெரிய வீடு. அதே நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரையின் பாலகுரு தொந்தி இல்லாமல் இருந்தான். "மிஷினு நல்லாத்தான் பொய் சொல்லுது" என்று பூரணம் முணுமுணுத்தாள். யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

அப்போது திரை வீட்டில் எங்கோ ஒரு போன் ஒலித்தது. நாதஸ்வரத்தில் துள்ளலாக ஒரு கல்யாண மெட்டு.

முன்வரிசையில் மூன்று பேரின் தோள்களும் ஒரே நேரத்தில் தூக்கிப் போட்டன.

நீதிராஜனுக்குப் புல்லரித்தது. அது அவனுடைய மெட்டு. அவன் கூப்பிட்டால் அவன்தான் என்று தெரியவேண்டும் என்பதற்காக மூன்று பேரின் போனிலும் அவனே வைத்துக்கொடுத்தது. இயந்திரம் அதைக் கண்டுபிடித்துப் படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறது! அப்படியென்றால் பேயை ஓட்ட வருகிறவன் யார்? வேறு யார்? அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு முதல் முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

மெட்டு நின்றதும் கதவிடுக்கு வழியாகப் பேய் வந்தது. தலைமுதல் கால்வரை ஈரத் துண்டு போர்த்திய உருவம். அது யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அம்மாவின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தது. திரையின் அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். அடுத்து அண்ணன் காதில். அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். அடுத்து தங்கை. அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முணுமுணுக்க முணுமுணுக்கப் பேய் வளர்ந்தது. தலை உத்தரத்தில் இடித்தது. மறுபடி போன் ஒலித்தது. மறுபடி முன்வரிசை தூக்கிப் போட்டது. லோசனி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

'இப்ப காட்டு, இப்ப முகத்தக் காட்டு' என்று நீதிராஜன் மனதுக்குள் இரைந்தான்.

பேய் துண்டை உருவியது.

வீட்டளவு உயரத்தில் நின்றுகொண்டிருந்தது நீதிராஜன். அதே சரிந்த மீசை, அதே ஒருபக்கச் சிரிப்பு. அது குனிந்து, மிகவும் அன்பாக, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "நான் சொன்னேன்னு சொல்லிடாத."

  பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதைதான். எங்கோ தவறு நடந்துவிட்டது, ஹசீனா எதையோ மாற்றிவிட்டாள் என்று நீதிராஜன் எழப் பார்த்தான். 

அப்போது பூரணம் சிரித்தாள்.

முதலில் மூக்கால் ஒரு சத்தம். பிறகு அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்பா போனதிலிருந்து அந்தச் சிரிப்பை யாரும் கேட்டதில்லை. லோசனி அம்மாவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பாலகுருவின் கட்டைக் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வெடித்தது. பேய் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மூவரும் சேர்ந்து கத்தினார்கள்: "நான் சொன்னேன்னு சொல்லிடாத!"

பேய் ஒரு முழம் குறைந்தது.

"இது உனக்கும் சொல்லுமாண்ணே?" லோசனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று உணர்ந்தாள்.

பாலகுரு அவள் பக்கம் திரும்பினான். "வாரத்துக்கு நாலு தரம். அந்தப் பீப்பி சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்கிரும். இன்னைக்கு லோசனி என்ன வைஞ்சிருக்காளோ, அம்மா என்ன குறை சொல்லியிருக்காகளோன்னு."

"நான் எப்ப உன்னைய வைஞ்சேன்?"

"காதுகுத்துக்கு, 'வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்'னு சொன்னியாமே."

லோசனி எழுந்தே நின்றுவிட்டாள். "நானா? 'அண்ணனுக்கு வேலை நெருக்கடி, எந்த நேரம் தோதுன்னு கேளு, அதுக்குத் தக்கன நேரம் குறிக்கலாம்'னுல்ல சொல்லிவிட்டேன்! நீதான், 'அவ வீட்டு வாசப்படிய நான் எதுக்கு மிதிக்கணும்'னு சொன்னேன்னு…"

"அடிப் பாவி. 'நான் வந்தா அவளுக்குச் சங்கடமா இருக்குமோ, நேர்ல வந்து கூப்பிடலையே'ன்னேன். புள்ளைக்குத் தோடு எடுத்து வச்சிருந்தேன். இன்னமும் பீரோவுலதான் கெடக்கு."

"நேர்ல வாரேன்னுதான் கிளம்புனேன். நீ கதவத் தொறக்க மாட்டேன்னு…"

அவள் முடிக்கவில்லை. அழ ஆரம்பித்திருந்தாள். பாலகுரு அம்மாவைத் தாண்டிக் கையை நீட்டி அவள் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வேறு விதமாக ஆறுதல் சொல்லத் தெரியாது.

யாரும் படத்தைப் பார்க்கவில்லை. பயம் வடிந்ததில் பேய் சுருங்கிக்கொண்டே போனது. மேசை உயரம் ஆயிற்று, பூனை உயரம் ஆயிற்று. கத்திக்கொண்டே ஓடி, குளிர்ப்பெட்டியைத் திறந்து, முட்டை வைக்கும் குழியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நீதிராஜன் ஒருவன்தான் அதைப் பார்த்தான். குழியிலிருந்து அது அவனைப் பார்த்தது.

"அம்மா, உங்களுக்குத் தெரியுமா?" என்று பாலகுரு கேட்டான்.

"அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவுல ஓடவிட்டு வளத்தவ நான். தெரியாம இருக்குமா?" பூரணத்தின் சிரிப்பு நின்றிருந்தது. "எடுத்துச் சொன்னா இவனும் பேச மாட்டானேன்னு பயம். நீங்க ரெண்டு பேரும் எங்கிட்டக்கூட மனசு விட்டுப் பேசுறதில்ல. இவன் ஒருத்தன்தான் தினம் கூப்பிடுறான். அதையும் கெடுத்துக்கிட்டா நான் யாரு வாயப் பாத்து உக்காந்திருக்கிறது?"

நீதிராஜன் இருட்டில் எழுந்து வெளியேறினான். மூவரில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஷினு கெட்டுப் போச்சு" என்று இயக்க அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தான். "நான் அவுகளுக்கு என்ன செஞ்சேன்? அடிச்சேனா, வைஞ்சேனா? அவுக குடும்பம் ஒட்டியிருக்கணும்னு நாயா அலைஞ்சேன்."

ஹசீனா அவனைப் பார்க்கவில்லை. அவள் முன்னிருந்த கணினித் திரையில் நான்கு நாடிக் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. மூன்று கோடுகள் அடங்கிக் கிடந்தன. நான்காவது செங்குத்தாக ஏறியிருந்தது.

"இது உங்களோடது சார்."

"என் முகத்தையே பேயாக் காட்டுனா எகிறாம என்ன செய்யும்?"

"அப்பக்கூட இம்புட்டு இல்ல. இங்க பாருங்க, முகம் தெரிஞ்சது இந்த இடம். உச்சிக்குப் போனது அதுக்கு அப்புறம்." அவள் விரலை வைத்தாள். "உங்க தங்கச்சி, 'உனக்கும் சொல்லுமாண்ணே'ன்னு கேட்டாகள்ல, அந்த இடம்."

அவன் சன்னலுக்குப் போனான். கதவுக்கு வந்தான். அவனுக்கு அழுகை வந்தது, ஆனால் எதற்காக அழுகிறோம் என்று யோசிக்கப் பயமாக இருந்தது.

சன்னல் வழியே பார்த்தபோது மூவரும் கீழே காரருகே நின்றார்கள். பச்சைக் கட்டம் போட்ட பையை லோசனி பின்சீட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவள் வீட்டுக்குப் போகிறாள், அண்ணன் கொண்டுபோய் விடுகிறான் என்பது யாரும் வந்து சொல்லாமலேயே புரிந்தது. அவன் மூலமாக நடக்காத முதல் ஏற்பாடு அது.

அப்போதுதான் அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை நினைவுக்கு வந்தது. காலையில் வாங்கி அவன் சட்டைப்பையில்தான் வைத்திருந்தான். படியிறங்கி ஓடினான். கார் நகரத் தொடங்கியிருந்தது. நிறுத்தச் சொல்வதற்காக லோசனியின் எண்ணை அழுத்தினான்.

உள்ளே நாதஸ்வரம் ஒலித்தது.

பின்கண்ணாடி வழியாக அவன் பார்த்தான். சற்று முன்வரை வயிறு வலிக்கச் சிரித்த மூன்று பேர். மூன்று தோள்களும் ஒரே நேரத்தில் தூக்கிப் போட்டன.

திரையில் தன் முகத்தைப் பார்த்தபோது வராத வலி அப்போது வந்தது. அவன் அழைப்பைத் துண்டித்தான். கார் நின்றது. ஓடிப்போய்ச் சன்னல் வழியாக மாத்திரை அட்டையை நீட்டினான். பூரணம் வாங்கிக்கொண்டு அவன் விரல்களை விடாமல் பிடித்தாள்.

"வேற எதுவும் சொல்லணுமாய்யா?"

"இல்லம்மா."

"நாளைக்கு வா. வந்து சாப்புடு. சாப்புட மட்டும் வா."

"வாரேம்மா."

பாலகுரு முன்னால் பார்த்தபடி, "வாடா" என்றான். லோசனி தலையை ஆட்டினாள். கார் புறவழிச் சாலையில் ஏறி வாகனங்களோடு கலந்தது.

இனிமேல் இல்லை என்று நீதிராஜன் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான். வாயை மூடிக்கொண்டு போய் உட்கார வேண்டும், சோற்றைத் தின்ன வேண்டும், திரும்ப வேண்டும். அவ்வளவுதான். பெரிய காரியமா அது? அவன் வண்டியை நோக்கி நடந்தான், திரும்பி வந்தான், மறுபடி நடந்தான். காப்பின் விளக்கு சிவப்பாகவே மின்னிக்கொண்டிருந்தது.

கையில் போன் அதிர்ந்தது. லோசனியின் கணவன் முருகவேல்.

"என்ன மச்சான், படம் எப்படி? லோசனி அழுதுக்கிட்டே பேசுறா, அழுகுறாளா சிரிக்கிறாளான்னே வெளங்கல. பெரிய மச்சானும் கூட வாராராம். திடீர்னு என்ன? என்னைப் பத்தி எதுவும் பேச்சு வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. படம் நல்லா இருந்துச்சு."

"அப்பச் சரி. வச்சிரவா?"

நீதிராஜன் போனை வைக்கவில்லை. சாலையைப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். யாரும் இல்லை. நாலெட்டு நடந்து ஒரு தூணின் மறைவுக்குப் போனான்.

"மாப்ள," என்றான் தணிந்த குரலில், மிகவும் அன்பாக. "உங்க நல்லதுக்குத்தான் சொல்லுறேன். நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீக."

காலையிலிருந்து சிவப்பாக மின்னிக்கொண்டிருந்த காப்பின் விளக்கு அப்போதுதான் பச்சைக்கு மாறியது.